அலுமினியப் பெட்டிக்கு நான் எழுதிய அறிக்கை

அந்தப் பெட்டியை நான் வீட்டுக்குக் கொண்டு போயிருக்கவே வேண்டாம். தாம்பரத்தில் நான் வேலை பார்த்த பயிற்சி மையத்திலேயே, லேபின் ஒரு மூலையில் வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்திருக்கலாம். டைரக்டரிடம், "லேப்ல பசங்க கை வைப்பாங்க சார். கீறல் விழுந்தா திருப்பித் தர முடியாது. வீட்டுல வெச்சுப் பார்த்துட்டு ரிப்போர்ட் தரேன்" என்று சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவ்வளவு அழகான ஒரு பெட்டி என் வீட்டு ஹாலில் ஒரு வாரமாவது நிற்கட்டும் என்கிற ஆசை.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது இது. மேற்குத் தாம்பரத்தில், ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு மாடிகளில் எங்கள் மையம் இருந்தது. அனிமேஷன் கற்றுக்கொடுத்தார்கள். படிக்கட்டு ஏறும்போதே வெண்ணெய் பிஸ்கட் வாசனை வரும். நான் அங்கே சிஸ்டம்ஸ் இன்சார்ஜ். கம்ப்யூட்டர் கெட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். ஏசி கெட்டாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கோபம் வரும், ஆனால் போய்ப் பார்ப்பேன்.

புதிதாக ஒரு லேப் போட முடிவு செய்தார்கள். நாற்பது கம்ப்யூட்டர்கள். அனிமேஷன் வேலையில் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் முழு மூச்சாக ஓடும், சூடாகும். அந்தக் காலத்துத் தகரப் பெட்டிகளுக்குள் எல்லாவற்றையும் நெருக்கி வைத்தால், மே மாதத்தில் பாதிப் படத்திலேயே அணைந்துவிடும். உள்ளே இடமும் காற்றும் உள்ள பெரிய பெட்டி வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த அலுமினியப் பெட்டிகளைப் பத்திரிகைகளில் பார்த்துப் பெருமூச்சு விடத்தான் எங்களால் முடிந்தது. அப்போதுதான் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் மின்சார பேனல் பெட்டிகள் செய்யும் ஒருவர், அதே போல நானே செய்து தருகிறேன் என்று முன்வந்தார். பல்லாவரத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். மையத்தில் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டோம்.

மாதிரிப் பெட்டியை அவரே மினி லாரியில் கொண்டு வந்து இறக்கினார். பழைய வேட்டியால் சுற்றியிருந்தது. பிரித்ததும் நான் அதை ஒரு முறை சுற்றி வந்து பார்த்தேன். இரண்டடிக்கு மேல் உயரம். பெயிண்ட் கிடையாது. அலுமினியத் தகட்டை ஒரே திசையில் தேய்த்து, முடி மாதிரி மெல்லிய கோடுகள் ஓட விட்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் பட்டு வழுக்கியது.

"பதினெட்டு வருஷமா அடுத்தவங்க டிராயிங்குக்குத்தான் பொட்டி செஞ்சுகினு இருக்கேன் மேடம்" என்றார். "இது நானா வரைஞ்சது. உங்க நாப்பது பொட்டி போச்சுன்னா, அதைக் காட்டி சிறுசேரி பக்கம் கம்பெனிங்ககிட்ட கேக்கலாம். இல்லைன்னா மறுபடியும் பேனல் பாக்ஸ்தான். நல்லதா எழுதுங்கன்னு கேக்கல. பாத்து எழுதுங்க."

டைரக்டருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்தது அதை எப்படி அணைப்பது என்பது மட்டும்தான். நான் சரி என்றால் ஆர்டர், இல்லை என்றால் இல்லை. பாய்க்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமாகவும் இருந்தது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஆட்டோவில் ஏற்றும்போது டிரைவர், "இன்னாக்கா, ஃபிரிட்ஜா?" என்றார்.

"கம்ப்யூட்டர்."

"இம்மாம் பெருசா? உள்ள ஆளு ஒக்காந்துகினு வேலை செய்வானா?"

பெட்டி சீட்டில் சௌகரியமாக உட்கார்ந்தது. நான் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு சுரங்கப் பாதை வழியாகக் கிழக்குப் பக்கம் வந்தேன். சேலையூர் தாண்டி ஒரு தெருவில் மாடி போர்ஷனில் நானும் கணவரும் குடியிருந்தோம். கீழே ஹவுஸ் ஓனரும் அவர் மனைவியும். அவர் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை சார் என்றும், அந்த அம்மாவை ஆன்ட்டி என்றும் கூப்பிடுவேன். ஆன்ட்டி குள்ளம். பின்பக்க வராந்தாவில் பெரிய கல் கிரைண்டர் ஒன்று இருக்கும். அதில் மாவு ஆட்டும்போது எப்போதும் ஒரு மரப்பலகையின் மேல் நின்றுகொள்வார். சாப்பிட உட்காரும் மணை அது. உயரம் போதாமல் ஏறி நிற்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோதனையை முறைப்படிதான் தொடங்கினேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதினேன்.

முதல் விஷயம், கம்ப்யூட்டர் மேஜையில் அது நுழையவில்லை. அந்தக் காலத்து மேஜைகளில் பெட்டி வைக்கவென்றே ஒரு சந்து விட்டிருப்பார்கள், தகரப் பெட்டியின் அளவுக்குச் சரியாக. இது அதில் பாதிகூடப் போகவில்லை. தரையில்தான் வைத்தேன். என் பழைய கம்ப்யூட்டரின் உள்ளுறுப்புகளை எல்லாம் கழற்றி இதில் மாட்டினேன். மாட்டும்போதே பாய் மேல் மரியாதை வந்துவிட்டது. தகரப் பெட்டியில் வேலை செய்கிறவர்களின் கையைப் பார்த்தால் தெரியும், விரலுக்கு விரல் கீறல் இருக்கும். வெட்டிய தகட்டின் ஓரத்தை அப்படியே விட்டிருப்பார்கள். இதில் ஒவ்வொரு ஓரத்தையும் உள்பக்கமாக மடித்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே முழுக்கக் கையால் தடவிப் பார்த்தேன். எங்கும் பிசிறில்லை.

பிறகு ஊதுபத்தி. முன்பக்கத் துளைகளுக்கு அருகே ஒன்றைக் கொளுத்திப் பிடித்தேன். புகை உள்ளே இழுக்கப்பட்டு, பின்பக்க விசிறி வழியாக ஒரே கோடாக வெளியே வந்தது. பக்கவாட்டில் எங்கும் கசியவில்லை. கணவர் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தார். கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தவர், நான் பெட்டிக்கு முன்னால் ஊதுபத்தியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "சூடம் காட்டியாச்சா, இனிமேதானா?" என்று கேட்டார்.

பல்லி நுழையுமா என்றும் பார்த்தேன். சிரிக்க வேண்டாம். அதற்கு முந்தைய வருடம் மையத்தில் ஒரு கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் பல்லி புகுந்து கருகி, லேப் முழுக்க இரண்டு நாள் நாற்றம். இந்தப் பெட்டியில் பின்பக்க இடைவெளிகள் எல்லாவற்றுக்கும் வலை வைத்திருந்தார். எறும்பு நுழையும், பல்லி நுழையாது என்று எழுதினேன். குறைகளும் இருந்தன. பவர் பட்டன் கட்டைவிரல் நோகும் அளவுக்குக் கெட்டி. முன்கதவு இடப்பக்கம் திறக்கிறது, சுவர் ஓரமாக வைத்தால் இடிக்கும். கால்கள் இரண்டு விரல் உயரம்தான், வீடு துடைக்கும் தண்ணீர் கீழே போய்த் தேங்கும்.

இந்தக் கடைசிக் குறையை எழுதியதால்தான் மூன்றாம் நாள் காலை அடிவாங்கினேன். வீடு துடைத்துவிட்டு, பெட்டிக்கு அடியில் தண்ணீர் போயிருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தேன். ஈரத் தரை, வெறுங்கால். பெட்டியின் மேல் கை வைத்ததும் சுர்ரென்று முழங்கை வரை ஏறியது. கையை உதறிக்கொண்டேன். பிரமையாக இருக்கும் என்று மறுபடி தொட்டேன். மறுபடியும் சுர்.

கணவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து உள்ளங்கையை அழுத்தி வைத்து, "ஒண்ணும் இல்லையே" என்றார்.

"நல்லா வைங்க."

"வெச்சாச்சு. இதுக்கு மேல கட்டித்தான் பிடிக்கணும்."

அவருக்குக் குதிகால் வலி. டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டுக்குள்ளேயே எம்.சி.ஆர். செருப்பு போட்டுக்கொண்டு நடப்பார். கால் ரப்பர் மேல் இருந்தால் ஷாக் தெரியாது. இதெல்லாம் தெரிந்த எனக்கே அந்த நேரத்தில் அது உறைக்கவில்லை. என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அன்று காபியை அவரையே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். மங்கலாக எரிந்தது. மையத்தில் இருந்து வேறு பவர் சப்ளை கொண்டு வந்து மாற்றினேன். அப்போதும் எரிந்தது. கடைசியாக, உள்ளே இருந்த எல்லாவற்றையும் கழற்றி என் பழைய தகரப் பெட்டியிலேயே மாட்டி, அதே இடத்தில் வைத்து, அதே ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று பெட்டியின் பக்கவாட்டைத் தொட்டேன். ஷாக் இல்லை. டெஸ்டரும் எரியவில்லை. அதே உறுப்புகள், அதே பிளக், அதே தரை. மாறியது பெட்டி மட்டும்தான். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? யாரும் குறை சொல்ல முடியாத சோதனை என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை அறிக்கையைக் கொடுத்தேன். இரண்டரைப் பக்கம். இரண்டு பக்கம் முழுக்கப் புகழ்ச்சி. கடைசியில் இப்படி எழுதியிருந்தேன்: "தொட்டால் ஷாக் அடிக்கிறது. பழைய பெட்டியில் இந்தக் குறை இல்லை. மாணவர்கள் புழங்கும் இடத்துக்கு இது ஏற்றதல்ல." கீழே கையெழுத்து. டைரக்டர் அந்தக் கடைசி வரிகளை மட்டும்தான் படித்தார். திங்கட்கிழமை பாய்க்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் பாய் மையத்துக்கு வந்து, டைரக்டரிடம் என் அறிக்கையை வாங்கி முழுக்கப் படித்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் தயாராகத்தான் இருந்தேன். அவர் என் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, "ஷாக் அடிச்ச எடத்த நான் பாக்கலாமா மேடம்?" என்றார்.

"டெஸ்ட் பண்ணித்தான் எழுதியிருக்கேன்."

"இல்லைன்னு சொல்லல. பாக்கணும், அவ்ளோதான்."

என் சோதனையை ஒருவர் சந்தேகப்பட்டால் எனக்குப் பொறுக்காது. வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று அரை நாள் பர்மிஷன் போட்டேன். நான் ஸ்கூட்டியில் முன்னால் போக, அவர் தன் வண்டியில் பின்னால் வந்தார். மாடிப்படி அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஹாலில் அவருடைய பெட்டி காலியாக, திருப்பி அனுப்ப வேட்டி சுற்றித் தயாராக இருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. ஓடிக்கொண்டிருந்த என் பழைய தகரப் பெட்டியைத்தான் பார்த்தார்.

"இதுல அடிக்கலைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. நீங்களே தொட்டுப் பாருங்க."

"நீங்க எங்க தொட்டீங்க?"

பக்கவாட்டில் கை வைத்துக் காட்டினேன். ஒன்றும் இல்லை.

"அது பெயிண்ட்டு மேடம்" என்றார். "பின்னாடி ஸ்க்ரூவ தொடுங்க."

பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, பெயிண்ட் இல்லாத ஒரு ஸ்க்ரூவின் தலையை விரலால் தொட்டேன். சுர்ரென்றது. அதே சுர். மூன்று வருடமாக நான் வைத்திருக்கும் பெட்டி.

பத்தாம் வகுப்புப் பையன்கூட யோசித்திருப்பான். பெயிண்ட் ஒரு தோல் மாதிரி கரண்டை மறைத்துக்கொண்டிருந்தது. பாயின் பெட்டிக்குத் தோல் இல்லை, அதனால் உள்ளதைச் சொல்லிவிட்டது. உறுப்புகள், பிளக், தரை என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டேன், பெயிண்ட்டை மட்டும் விட்டுவிட்டேன்.

பாய் அதற்குள் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். பையில் இருந்து ஒரு பல்பு ஹோல்டரை எடுத்தார். அதில் குண்டு பல்பும் இரண்டு ஒயர்களும் இருந்தன. சுவரில் இருந்த பிளக் பாயிண்டின் கீழ்த் துளைகள் இரண்டிலும் ஒயர்களைச் செருகினார். பல்பு எரிந்தது. பிறகு ஒரு ஒயரை மட்டும் எடுத்து மேலே உள்ள பெரிய துளையில் செருகினார். அதுதான் எர்த். கரண்ட் எங்காவது கசிந்தால் அதை மண்ணுக்குள் கொண்டு போகிற வழி. வழி சரியாக இருந்தால் பல்பு முன்பு போலவே எரிய வேண்டும்.

எரியவில்லை. சமையலறைப் பாயிண்டில் வைத்தார், எரியவில்லை. கீசர் பாயிண்டிலும் எரியவில்லை.

"வூட்ல எர்த்தே இல்ல மேடம்" என்றார். "எல்லா கம்ப்யூட்டரும் கொஞ்சம் கசியும். அது மண்ணுக்குப் போயிடும், நமக்குத் தெரியாது. இங்க போக வழி இல்லாம தகட்டுலயே நிக்குது. பேனல் பாக்ஸ் பண்றவன் நான். எர்த் பாக்காம ஒரு பொட்டி வெளிய அனுப்ப மாட்டேன். அதான் நேர்ல பாக்கணும்னு வந்தேன்."

சமையலறையில் நின்றபோது ஃபிரிட்ஜ் கண்ணில் பட்டது. கைப்பிடியில் பூப்போட்ட துணி உறை. கல்யாணமான புதிதில் அழுக்காகாமல் இருக்கப் போட்டது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு துவைக்கக் கழற்றும் நாட்களில் கைப்பிடி லேசாகக் கடிக்கும். அதனால் உடனே மாற்று உறை போட்டுவிடுவேன். ஏன் கடிக்கிறது என்று ஒரு நாள்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. நான்தான் சிஸ்டம்ஸ் இன்சார்ஜ்.

கீழே போனோம். சார் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எர்த் குழி எங்கே இருக்கிறது என்று கேட்டதும், தென்மேற்கு மூலையைக் காட்டினார். சிமென்ட் பூசி, அதன் மேல் குரோட்டன்ஸ் தொட்டி வைத்திருந்தது.

"அங்க இருந்தது. மாடி கட்டும்போது மூடிட்டோம். வாஸ்து பார்க்கறவர் வந்து, கன்னி மூலையில குழி இருந்தா குடும்பத் தலைவருக்கு ஆகாதுன்னுட்டார்."

"அப்ப எர்த் ஒயரு?"

"எலக்ட்ரீஷியன் வெட்டிட்டான். கரண்ட் வருமான்னு கேட்டேன், வரும் சார்னான். வருதே!"

கரண்ட் வந்துகொண்டுதான் இருந்தது. மறுபடி குழி தோண்ட வேண்டும் என்றதும் அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வாடகைக்கு இருக்கிறவள் யாரோ ஒருவரைக் கூட்டி வந்து வீட்டைத் தோண்டச் சொல்கிறாளா என்கிற கோபம். "ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆகலையே. இவர் யாரு, கரண்ட் ஆபீஸா?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் கோபம் வந்து வாயைத் திறந்தேன். அதற்குள் பின்பக்கம் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. பாய் தலையைத் திருப்பினார். யாரையும் கேட்காமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். நாங்கள் இருவரும் பின்னாலேயே போனோம்.

ஆன்ட்டி மணையின் மேல் நின்று, ஒரு கையால் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். தரை முழுக்க அரிசி கழுவிய தண்ணீர். பாய் மணையைப் பார்த்தார்.

"அம்மா, கைய எடுங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் ஆன்ட்டி உடனே எடுத்துவிட்டார். பாய் டெஸ்டரைக் கிரைண்டரின் உடம்பில் வைத்தார். என் ஹாலில் எரிந்தது போல மங்கலாக இல்லாமல், அதன் சிவப்பு விளக்கு பட்டப்பகலில் பளிச்சென்று எரிந்தது. அவர் போய் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கினார்.

"இது கம்ப்யூட்டர் கசிவு இல்ல. மோட்டார் உள்ள ஒயரு தேஞ்சு பாடில முட்டுது" என்றார்.

ஆன்ட்டி மாவுக் கையோடு எங்களைப் பார்த்தார். "அது எப்பவுமே சுர்ருங்கும்" என்றார் சாதாரணமாக. "பழைய கிரைண்டர் இல்லையா? மணை மேல நின்னா அடிக்காது. அதான் போட்டுக்கறேன்."

"எத்தனை நாளா?" என்று சார் கேட்டார்.

"மாடி கட்டினதுலேர்ந்து. உங்ககிட்ட சொன்னேனே. புது கிரைண்டர் வாங்க அடிபோடறேன்னு சொன்னீங்க."

சார் வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் அந்த மணையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மணை எப்போதாவது ஒரு நாள் வழுக்கியிருந்தால், அல்லது விருந்தாளி யாராவது உட்கார அதை உள்ளே எடுத்துப் போயிருந்தால் என்று என் மனம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆன்ட்டி மாடிக்குக் கொடுக்கும் அந்த மாவில்தான் தினமும் நான் தோசை வார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சார்தான் பேசினார். "தோண்டிடலாம். ஆனா கன்னி மூலையில வேணாம்."

"உங்களுக்கு ஒத்து வர்ற மூலைய நீங்களே சொல்லுங்க சார்" என்றார் பாய். "கரண்டுக்கு எல்லா மூலையும் ஒண்ணுதான்."

வாஸ்துக்காரருக்குப் போன் போட்டு வடமேற்கு மூலை முடிவானது. ஞாயிற்றுக்கிழமை பாய் தன் பட்டறையில் இருந்து இரும்புக் குழாயையும் ஒரு ஃபிட்டரையும் அனுப்பினார். உப்பு மூட்டையை சார் வாங்கி வந்தார். கரியைத் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் நான் கேட்டு வாங்கினேன். ஃபிட்டர் குழாயை இறக்கி, மண்ணில் ஈரம் நிற்க உப்பும் கரியும் மாறி மாறிப் போட, ஆன்ட்டி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். வெட்டிய எர்த் ஒயரைக் குழாயோடு இணைத்துவிட்டு, பதினோரு மணிக்கு ஃபிட்டர் அந்தக் குண்டு பல்பை என் ஹாலில் செருகினார். முழுசாக எரிந்தது. நான் என் உறுப்புகளை மறுபடி அலுமினியப் பெட்டிக்கு மாற்றி, வேண்டுமென்றே தரையில் தண்ணீர் தெளித்து, வெறுங்காலோடு அதன் மேல் கை வைத்தேன். தகடு ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கே இரண்டாவது அறிக்கையை எழுதினேன். நாலு பக்கம். முதல் சோதனையில் நான் செய்த தவறு, வீட்டில் எர்த் இல்லாதது, பெட்டியில் குறை ஏதும் இல்லாதது, எல்லாவற்றையும் எழுதி, "என் முந்தைய அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்" என்று முடித்தேன். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக டைரக்டரின் மேஜையில் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "தகரப் பெட்டிக்கு ஆர்டர் போன வாரமே போட்டாச்சும்மா. நாளைக்கு லாரி வருது" என்றார்.

"கேன்சல் பண்ணுங்க சார். தப்பு என்னோடது."

"ஷாக் அடிக்குதுன்னு நீங்கதானே எழுதினீங்க? இப்ப அடிக்கலைங்கறீங்க. நாளைக்கு ஒரு பையனுக்கு ஏதாவது ஆச்சுன்னா, நான் எந்தப் பேப்பரைக் காட்டறது?"

கத்தினேன். என் குரல் லேப் வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். ஆனால் கத்திக்கொண்டிருக்கும்போதே, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. கையெழுத்து என்னுடையது. அடுத்த லேப் போடும்போது பார்க்கலாம் என்றார். அடுத்த லேப் போடவே இல்லை. மறுநாள் லாரி வந்தது. சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்த நாற்பது தகரப் பெட்டிகளையும் நான்தான் எண்ணி இறக்கினேன். மாட்டும்போது விரலில் மூன்று இடத்தில் கிழிந்தது. கிழியட்டும் என்றுதான் இருந்தது.

பாய்க்கு நான்தான் சொல்ல வேண்டும். இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டு மாடிப்படியில் நின்று செல்போனில் கூப்பிட்டேன். பின்னால் பட்டறைச் சத்தம் கேட்டது, யாரோ தகட்டைச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்டர் கிடைக்காது என்று சொன்னேன். இரண்டாவது ரிப்போர்ட் எழுதினேன், டைரக்டர் படிக்கவில்லை என்று சொன்னேன். என்னால்தான் போனது, என்னை மன்னித்துவிடுங்கள் பாய் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

அவர் யாரிடமோ சுத்தியலை நிறுத்தச் சொன்னார்.

"கீழ் வூட்டு அம்மா இன்னும் பலகை மேலதான் நிக்கறாங்களா?" என்று கேட்டார்.

படியின் கைப்பிடிச் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். கிரைண்டருக்குப் புது மோட்டார் போட்டிருந்தார்கள். ஆன்ட்டி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீர் தேங்கிய தரையில் நின்று மாவு தள்ளிக்கொண்டிருந்தார். மணை சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தது.

"இல்ல பாய். தரையிலதான் நிக்கறாங்க. வெறுங்காலோட."

"அப்ப சரி மேடம்" என்றார். "பொட்டி உங்ககிட்டயே இருக்கட்டும். அந்த பவர் பட்டன் கெட்டியா கீதுன்னு எழுதியிருந்தீங்களே, அது நெசந்தான். ஞாயித்துக்கெழம வந்து மாத்திக் குடுக்கறேன்."